ஐந்து நிமிட ரயில், இரண்டு விலை

ஜேபி சென்ட்ரல் நிலையத்திலிருந்து ‘ஷட்டில் தெப்ராவ்’ ரயிலில் ஏறினால் ஐந்தே நிமிடத்தில் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வந்துவிடும். கட்டணம் 5 ரிங்கிட். மாலையில் அதே ரயிலில், அதே தண்டவாளத்தில் ஜொகூர் பாருவுக்குத் திரும்பினால் கட்டணம் 5 சிங்கப்பூர் வெள்ளி. எண் ஒன்றுதான், நாணயம்தான் வேறு. ஆனால் திரும்பும் பயணத்துக்கு நம் பணத்தில் மும்மடங்குக்கு மேல் கொடுக்கிறோம்.

எங்கள் வீட்டில் ரிங்கிட்டையும் ‘வெள்ளி’ என்றுதான் சொல்வோம். “ரெண்டு வெள்ளிக்கு கங்கோங் வாங்கிட்டு வா” என்று அம்மா சொன்னால் அது இரண்டு ரிங்கிட். 1973 மே மாதம் வரை மலேசியப் பணமும் சிங்கப்பூர்ப் பணமும் ஒன்றுக்கு ஒன்று என்று மாறின. தாத்தா தலைமுறைக்கு இரண்டு வெள்ளியும் ஒரே மதிப்பு. 2024 பிப்ரவரியில் ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்றரை ரிங்கிட்டையும் தாண்டியது. பிறகு ரிங்கிட் ஓரளவு மீண்டது. குழப்பம் வராமல் இருக்க, இந்தக் கட்டுரையில் ‘வெள்ளி’ என்றால் சிங்கப்பூர் வெள்ளி என்றும், ஒரு வெள்ளிக்கு 3.20 ரிங்கிட் என்றும் வைத்துக்கொள்வோம்.

நான் ஜொகூர் பாருவில் படிக்கும் மாணவி. அடுத்த ஆண்டு தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் சிங்கப்பூருக்கு முயல்கிறார்கள். ‘அங்கே சம்பளம், இங்கே செலவு’ என்ற ஒரு வரியில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். பாலத்தைத் தாண்டும் குடும்பத்தில் வளர்ந்தவள் என்பதால் அந்தக் கணக்கை ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்த்துவிட நினைத்தேன்.

முதலில் பட்டியல்களைப் பார்த்தேன். மெர்சர் நிறுவனம் 2024இல் வெளியிட்ட வாழ்க்கைச் செலவுப் பட்டியலில் ஹாங்காங் முதலிடம், சிங்கப்பூர் இரண்டாமிடம். இந்தச் செய்தி ஆண்டுதோறும் நம் கைப்பேசிகளில் சுற்றும். ஆனால் பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அதிகாரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது எவ்வளவு படி கொடுக்கலாம் என்று முடிவு செய்வதற்காகவே இத்தகைய பட்டியல்கள் தயாராகின்றன. அவற்றில் வருபவர் நிறுவனம் அனுப்பிய மேலாளர். வீவக அடுக்குமாடியில் இருந்துகொண்டு காப்பிக் கடையில் சாப்பிடுபவருக்கும், அதிகாலையில் பாலம் தாண்டுபவருக்கும் அவை எழுதப்படவில்லை.

அடுத்து சம்பளம். 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி மலேசியாவில் மாதச் சம்பளத்தின் இடைநிலை 2,602 ரிங்கிட். எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்கும் தொகை அது. அதே ஆண்டு சிங்கப்பூரில் முழுநேர வேலை பார்க்கும் குடியிருப்பாளர்களின் இடைநிலை வருமானம் 5,197 வெள்ளி, முதலாளி செலுத்தும் மத்திய சேமநிதியையும் சேர்த்து. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டு மடங்கு. ரிங்கிட்டுக்கு மாற்றினால் ஆறு மடங்குக்கு மேல். ஒன்று முழு நாட்டின் கணக்கு, மற்றது ஒரே நகரத்தின் கணக்கு என்பதால் இரண்டையும் அப்படியே எடை போட முடியாது. ஆனாலும் இடைவெளி பெரியது என்பதில் சந்தேகம் இல்லை.

நாணய மாற்றை விட்டுவிட்டு வேறொரு அளவுகோலை எடுத்தேன். ஒரு பொருளை வாங்க எத்தனை மணி நேரம் வேலை செய்ய வேண்டும்? மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கு 8.72 ரிங்கிட். சிங்கப்பூரில் எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது. வெளிநாட்டு ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனம் தன் உள்ளூர் ஊழியர்களுக்குக் குறைந்தது 1,600 வெள்ளி தர வேண்டும், பகுதிநேரம் என்றால் மணிக்கு 10.50 வெள்ளி என்ற விதி 2024 ஜூலையில் வந்தது. அதையே அந்தப் பக்கத்தின் அடிமட்டமாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மாசாயில் எங்கள் தாமானுக்குப் பக்கத்துக் கடையில் இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தே தாரேவும் 5.80 ரிங்கிட். மறுவாரம் ஈசூனில் அத்தை வீட்டுக்குக் கீழே உள்ள காப்பிக் கடையில் அதே இரண்டு ரொட்டி, அதே தே தாரே 4.60 வெள்ளி. (அங்கே அதற்குப் பெயர் பிராட்டா. சுவையைப் பற்றி இங்கே எழுதினால் சண்டை வரும்.) ரிங்கிட்டுக்கு மாற்றினால் ஈசூன் பசியாறல் 14.72, இரண்டரை மடங்கு விலை. ஆனால் உழைப்பு நேரத்தில் பார்த்தால் மாசாயில் 40 நிமிட வேலை, ஈசூனில் 26 நிமிட வேலை. அங்கேயே சம்பாதித்து அங்கேயே சாப்பிடுபவருக்குச் சிங்கப்பூர் ரொட்டிதான் மலிவு.

உலகம் முழுதும் ஏறத்தாழ ஒரே விலையில் விற்கும் பொருளில் வித்தியாசம் இன்னும் பெரியது. ஐபோன் 16 வெளிவந்தபோது சிங்கப்பூரில் 1,299 வெள்ளி, மலேசியாவில் 3,999 ரிங்கிட். மாற்றிப் பார்த்தால் நம் பக்கம்தான் கொஞ்சம் மலிவு. அடிமட்டச் சம்பளக்காரருக்கோ அங்கே ஒரு மாதச் சம்பளம்கூடத் தேவையில்லை, இங்கே இரண்டு மாதத்துக்கு மேல். கைப்பேசி, மடிக்கணினி, விமான டிக்கெட் என்று மாணவர்கள் ஆசைப்படும் பொருள்களில் பெரும்பாலானவை இந்த வகை. சிங்கப்பூர் நம் கண்ணுக்குச் சொர்க்கமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீடும் காரும் கணக்கைத் தலைகீழாக்குகின்றன. எங்கள் வட்டாரத்தில் ஓர் அறை 500 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும், அது 57 மணி நேர வேலை. தோழி ஒருத்தி சிங்கப்பூரில் வீவக வீட்டில் அறை தேடியபோது 900 வெள்ளிக்குக் குறைந்து அமையவில்லை. அது 86 மணி நேரம். கார் இன்னும் மோசம். 2023இல் வந்த பெரோடுவா ஆக்ஸியாவின் மலிவான வகை 22,000 ரிங்கிட், ஏறக்குறைய 13 மாதக் குறைந்தபட்சச் சம்பளம். சிங்கப்பூரில் காரைப் பத்தாண்டு ஓட்டும் உரிமைச் சான்றிதழ் மட்டும், சிறிய கார்களுக்கே, ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியிருக்கிறது. 1,600 வெள்ளி சம்பளத்தில் ஐந்தாண்டுக்கும் மேல் சாப்பிடாமல் சேர்த்தால்தான் அந்தக் காகிதம் கிடைக்கும். காருக்குத் தனியாகக் காசு வேண்டும்.

இத்தோடு நிறுத்தினால் ‘கார் வேண்டுமென்றால் ஜொகூர், கைப்பேசி வேண்டுமென்றால் சிங்கப்பூர்’ என்று முடித்துவிடலாம். ஆனால் அத்தை வீட்டில் கார் இல்லை, அவர்களுக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. அத்தை மகள் பன்னிரண்டு வயதிலேயே தனியாகப் பேருந்திலும் பெருவிரைவு ரயிலிலும் போய்வந்தாள். இரவு பதினொரு மணிக்கு அவள் வீடு திரும்பும்போது யாரும் வாசலில் நின்று காத்திருப்பதில்லை. எங்கள் அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பகலில் கிளினிக்குக்குப் போவதென்றால் கிராப் அழைக்க வேண்டும், இல்லையென்றால் நான் வகுப்பு முடிந்து வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். நம் பக்கம் கார் மலிவுதான், பெட்ரோலும் குடிமக்களுக்கு லிட்டர் 1.99 ரிங்கிட்தான். ஆனால் கார் இல்லாமல் இங்கே ஓர் இடத்துக்கும் போக முடியாது என்பதால் வசதி இல்லாத குடும்பமும் அதை வாங்கியே ஆக வேண்டியிருக்கிறது. விலைப்பட்டியலில் இது தெரியாது.

அண்ணனும் தங்கையும்

இனி அப்பாவையும் அத்தையையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருவரும் உலு திராம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். அத்தை சிங்கப்பூரில் திருமணமாகி, குடியுரிமை பெற்று, ஈசூனில் வாழ்கிறார். அப்பா ஜொகூரில் வீடு வாங்கிக்கொண்டு, 18 ஆண்டுகளாக செனோக்கோவில் ஒரு தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வருகிறார். இருவருக்கும் இப்போது சம்பளம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஏறக்குறைய 2,400 வெள்ளி.

கையில் வாங்குவதில் அப்பாதான் பணக்காரர். அத்தையின் சம்பளத்தில் 20 விழுக்காடு மத்திய சேமநிதிக்குப் போய்விடுவதால் அவர் கைக்கு வருவது 1,920 வெள்ளி. வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் மலேசியரான அப்பாவுக்கு அந்தப் பிடித்தம் கிடையாது. முழு 2,400 வெள்ளியும் வரும். அதை 7,680 ரிங்கிட்டாக மாற்றி மாசாயில் செலவு செய்கிறோம். நான்கு அறைத் தரைவீடு, என் படிப்பு, தம்பியின் டியூஷன் எல்லாம் அந்தப் பணம்தான். இதை மறைத்துவிட்டுப் ‘பாலம் தாண்டுவது பாவம்’ என்று எழுதினால் அது நன்றிகெட்டதனம்.

ஆனால் பிடித்தம் இல்லை என்றால் முதலாளியின் பங்கும் இல்லை. அத்தைக்கு அவருடைய முதலாளி மாதம் 17 விழுக்காடு, அதாவது 408 வெள்ளி, தனியாகச் செலுத்துகிறார். ஓர் ஆண்டுக்கு 4,896 வெள்ளி. அத்தை வீவக வீட்டுக் கடனைக் கட்டியது சேமநிதியில்தான். 65 வயதுக்குப் பிறகு மாதந்தோறும் ஒரு தொகையும் அதிலிருந்து வரும். மலேசியாவிலேயே வேலை பார்த்திருந்தால் அப்பாவுக்கும் இபிஎஃப் இருந்திருக்கும்: ஊழியர் 11 விழுக்காடு, சம்பளம் 5,000 ரிங்கிட் வரை என்றால் முதலாளி 13 விழுக்காடு. பாலத்தைத் தாண்டியதால் அவர் இரண்டு நாட்டுச் சேமநிதிக்கும் வெளியே நின்றுவிட்டார். நான் மணிக்கணக்குப் போட எடுத்துக்கொண்ட அந்த 10.50 வெள்ளி அடிமட்டமும் உள்ளூர் ஊழியர்களுக்கான விதிதான். அது அப்பாவைக் காக்காது.

நாணய மாற்றின் ஏற்ற இறக்கமும் எங்கள் வீட்டுக்குள்தான் வந்து விழுகிறது. மாற்று விகிதம் 3.50 ஆக இருந்தபோது அப்பாவின் 2,400 வெள்ளி 8,400 ரிங்கிட். 3.20 ஆகும்போது 7,680. தொழிற்சாலையில் யாரும் ஒன்றும் செய்யவில்லை, அப்பாவும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை, ஆனால் மாதம் 720 ரிங்கிட் போய்விட்டது. ரிங்கிட் வலுப்பெற்றது என்று செய்தி வாசிப்பவர் மகிழ்ச்சியோடு சொல்லும்போது எங்கள் வீட்டில் அம்மா வாய் திறப்பதில்லை.

பிறகு நேரம். அப்பா விடியற்காலை நாலேமுக்காலுக்குக் கிளம்புகிறார், இரவு எட்டு மணிக்கு வருகிறார். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் சாலையிலும் குடிநுழைவு வரிசையிலும் போகிறது. 2024 மார்ச்சில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் கடப்பிதழுக்குப் பதில் கியூஆர் குறியீடு வந்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை என்கிறார். மழை நாளில் அதுவும் இல்லை. மாதம் 24 நாள் என்றால் 96 மணி நேரம். எல்லை மூடியிருந்த காலத்தைக் கழித்துவிட்டு 16 ஆண்டு என்று பெருக்கினேன்: 18,432 மணி நேரம், அதாவது 768 முழு நாள்கள். கால்குலேட்டரில் தவறாகத் தட்டிவிட்டேனோ என்று இரண்டு முறை போட்டேன்.

மாதம் 216 மணி நேர வேலைக்கு 2,400 வெள்ளி என்றால் மணிக்கு 11.11 வெள்ளி. பயண நேரத்தையும் உழைப்பாகச் சேர்த்தால் மணிக்கு 7.69 வெள்ளி. அப்படியும் அது 24.60 ரிங்கிட், இங்குள்ள அடிமட்டச் சம்பளத்தைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒவ்வொரு நாளும் இந்தக் கடற்பாலத்தைத் தாண்டுகிறார்கள். அவர்களில் அப்பா போன்ற தொழிலாளிகள் எல்லாம் கணக்குத் தெரியாமல் போகிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எல்லை மூடிய காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கும் என்று அறிவிப்பு வந்ததும், முந்தைய நாள் இரவு அப்பா ஒரு பையோடு பாலத்தைத் தாண்டினார். இரண்டு வாரம் என்றுதான் நினைத்தோம். ஈசூனில் அத்தை வீட்டு வரவேற்பறையில் பாய் போட்டுப் படுத்தார். தரைவழி எல்லை முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதி. நடுவில் அனுமதி பெற்றுச் சில முறை வந்துபோனார். ‘அங்கே சம்பாதித்து இங்கே செலவு செய்வது’ என்ற ஏற்பாடு முழுக்கவும் எல்லை திறந்திருப்பதை நம்பியே நிற்கிறது என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

கணக்கில் வராதவை

வாழ்க்கைத் தரம் என்றால் சராசரி ஆயுள், பாதுகாப்பு, மருத்துவம் என்று அளப்பார்கள். ஆயுளில் சிங்கப்பூர் 83ஐ ஒட்டி நிற்கிறது, மலேசியா 75ஐ ஒட்டி. மருத்துவத்தில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. அப்பாவுக்கு இனிப்பு நீர். அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்த்து மருந்தும் வாங்கிவர ஒரு ரிங்கிட். ஆனால் அரை நாள் காத்திருக்க வேண்டும். காத்திருக்க அப்பாவுக்கு ஏது அரை நாள்? சில மாதங்களில் மருந்துக்கு அம்மாதான் போகிறார்.

இன்னொன்று எந்தப் பட்டியலிலும் வராது. 2014 முதல் 2024 இறுதி வரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அப்பாவுக்குச் சிங்கப்பூரில் ஓய்வு ஞாயிறு மட்டும். அந்த ஞாயிறு எனக்குப் பள்ளி நாள். தொடக்கப் பள்ளியில் பாதியும் இடைநிலைப் பள்ளி முழுதும், அப்பா வீட்டில் இருந்த நாளில் நான் வீட்டில் இல்லை. 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரும் சனி ஞாயிறுக்கு மாறிவிட்டது. தம்பிக்கு அது கிடைத்திருக்கிறது.

அத்தை பக்கம் எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். தைப்பூசத்துக்கு ஜொகூரில் பொது விடுமுறை, சிங்கப்பூரில் இல்லை. அத்தை ஆண்டு விடுப்பில் ஒரு நாளைக் கழித்துக்கொண்டுதான் காவடி பார்க்கப் போகிறார். நான் தமிழ்ப்பள்ளியில் கணிதமும் அறிவியலும் தமிழில் படித்தேன். அத்தை மகளுக்குத் தமிழ் ஒரு பாடம் மட்டும். ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வு ஆண்டில் அந்த வீட்டில் தொலைக்காட்சி போடவே மாட்டார்கள். நாங்கள் போனால் மெதுவாகப் பேச வேண்டும். அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது. சொந்த வீடு பற்றிப் பேச்செடுத்தாலே, “கல்யாணம் பண்ணணும், விண்ணப்பிக்கணும், அப்புறம் வருஷக்கணக்கா காத்திருக்கணும்” என்று அலுத்துக்கொள்கிறாள். எங்கள் வீட்டு வாசலில் செருப்பை உதறிவிட்டு, “இவ்வளவு இடமா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாள்.

இந்த ஒப்பீட்டில் நாங்கள் அடிக்கடி மறக்கும் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. ஜொகூர் பாருவிலேயே சம்பாதித்து அங்கேயே செலவு செய்பவர். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் 1,700 ரிங்கிட் வாங்கும் பக்கத்து வீட்டு அக்காவும், வெள்ளியை மாற்றிக்கொண்டு வரும் எங்களைப் போன்றவர்களும், வார இறுதியில் சிங்கப்பூர்ப் பதிவெண் காரில் வருபவர்களும் ஒரே பாசார் மாலாமில்தான் நிற்கிறோம். கடைக்காரர் யாருடைய பணப்பையைப் பார்த்து விலை வைப்பார்? நகரத்தின் பல் மருத்துவமனைகளும் முடிதிருத்தகங்களும் கடலுணவுக் கடைகளும் அக்கரை வாடிக்கையாளரை எதிர்பார்த்து நடக்கின்றன. அதனால் வேலைகள் வருகின்றன, உண்மைதான். அந்த வேலைகளின் சம்பளம் ரிங்கிட்டில், வாடகையோ வெள்ளியின் வேகத்தில். அந்த அக்காவுக்குச் சிங்கப்பூர் இரண்டரை மடங்கு விலையா மூன்று மடங்கா என்பது ஒரு பொருட்டே இல்லை. அக்கரைப் பணம் இக்கரை விலையை எவ்வளவு தூக்குகிறது என்பதுதான் அவர் கவலை.

இனி வரப்போவது ஆர்டிஎஸ் ரயில். புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரை 4 கிலோமீட்டர், ஐந்து நிமிடம், ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பயணிகள். 2026 இறுதிக்குள் சேவை தொடங்குவது இலக்கு. அது வந்த பிறகு ஷட்டில் தெப்ராவ் நிறுத்தப்படும். நான் மேலே போட்ட கணக்கில் ஆர்டிஎஸ் மாற்றக்கூடியது ஒரே வரியைத்தான்: அந்த 96 மணி நேரத்தை. அது பெரிய விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் சேமநிதி வரி அப்படியே இருக்கும், நாணய மாற்று வரியும் இருக்கும். பயணம் சுலபமானால் போகிறவர் கூடுவர், நிலையத்தைச் சுற்றி வாடகை ஏறும், பக்கத்து வீட்டு அக்காவின் வரி இன்னும் மோசமாகும் என்று நான் கணிக்கிறேன்.

இதற்கு மறுபக்கமாக, 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலம் முதல் ஐந்தாண்டில் 50 திட்டங்களையும் திறன்மிக்க 20,000 வேலைகளையும் இலக்காகச் சொல்கிறது. அந்த வேலைகள் ரிங்கிட்டில், இபிஎஃப்போடு, வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் அமைந்தால் என் தலைமுறைக்கு அது உண்மையான மாற்று. 2,602 ரிங்கிட்டை ஒட்டிய சம்பளத்தோடு வந்தால் புக்கிட் சாகாரில் வரிசைதான் நீளும்.

நான் இரண்டு பக்கமும் விண்ணப்பிக்கப் போகிறேன். சம்பளக் கடிதம் வந்தால் பார்க்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்: கைக்கு வருவது, சேமநிதி, பயண மணி, எந்த நாணயம். அந்தத் தாளை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். 768 நாள் என்ற இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. சேமநிதி வரியில் விரலை வைத்து, “இது எனக்கு இப்பவும் போட முடியுமா?” என்று கேட்டார்.

முடியும். இபிஎஃப்பில் தாமாகவே சந்தா செலுத்தலாம். போன மாதம் கைப்பேசியில் நான்தான் அவருக்குச் செய்து கொடுத்தேன். முதல் தவணை 500 ரிங்கிட். அப்பாவுக்கு 53 வயது.